கூடை வாதம் என்றொரு நோய் இல்லை

போன செவ்வாய்க்கிழமை நம்முடைய டிஸ்பென்சரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "இன்னைக்கு மூணு கூ.வா." பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். கீழே பதினொரு பேர் சேர்ந்து சிரித்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். மகள் வாங்கிக் கொடுத்த போன் என்பதால் மெத்தையில் அடித்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்தப் பகிடிக்குச் சொந்தக்காரன் நானேதான். ஆகவே இந்தக் கோபத்தில் முக்கால் பங்கு எனக்கு. மீதிக் கால் பங்கை நீங்கள் பதினொரு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்தொரு வருஷம் மருத்துவ உதவியாளனாக இருந்தவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் தோட்டத்தில் எல்லாரும் 'டாக்டரய்யா' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் கூப்பிட்ட பெயர் 'பால்போத்தல்'. வயிற்றில் எது என்று வந்தாலும் அந்த வெள்ளை மருந்தை அவர்கள் கொண்டுவந்த போத்தலில் ஊற்றி அனுப்பியதால் வந்த பட்டம். கால் சுளுக்கியவனுக்கும் ஊற்றினேன் என்று ஒரு கதை உண்டு. அது பொய். அவனுக்கு நெஞ்செரிச்சலும் இருந்தது.

கூடை வாதம் பிறந்த கதையைக் கேளுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, சுமையை முதுகில் தொங்கவிட்டு, சறுக்குகிற மலையில் நாள் முழுக்க நிற்பவர்கள். கழுத்து வலிக்கும், தோள் வலிக்கும், முதுகு பிளக்கும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் காலையில் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். நாற்பது தடவை 'முதுகுத் தசைப்பிடிப்பு' என்று எழுத எனக்குச் சோம்பல். ஒருநாள் பதிவேட்டில் 'கூடை வாதம்' என்று எழுதினேன். அடுத்த வாரம் அது 'கூ.வா.' என்று சுருங்கியது. மலையில் வேலையை மேற்பார்க்கும் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மூலம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. ஒரு வருஷத்தில் எந்த டிஸ்பென்சரிப் பதிவேட்டைத் திறந்தாலும் என் பிள்ளை அங்கே தவழ்ந்துகொண்டிருந்தது. ஒரு நோய்க்குப் பெயர் வைத்த பெருமையில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது, மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலை, பூமணி வந்தாள். வயது நாற்பத்தெட்டு. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. சர்க்கரை வியாதிக்கு மாதாமாதம் என்னிடம் குளிசை வாங்குகிறவள். வாய்க்கு வாய் பேசக்கூடியவள். அவளோடு பேசுவதற்கென்றே நான் இரண்டு பகிடி சேர்த்து வைத்திருப்பேன்.

பெரட்டு கலைந்த நேரம். காலை ஆள்கணக்கு முடிந்து எல்லாரும் மலைக்குப் போவதற்கு முன், நோய் என்பவர்கள் மட்டும் என் வாசலில் நிற்பார்கள். பூமணி வலது கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பூமணி, நேத்து எத்தனை கிலோ தூக்குன?" என்றேன்.

"நேத்து ஏதுங்கய்யா கொழுந்து? தேருல்ல."

"அப்போ தேரையே தூக்கிட்டியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பூமணியும் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தாள் என்பதுதான் சரி. வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது, பாதியில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றது. முகம் சுருங்கியது. கை விலாவுக்குக் கீழே இன்னும் அழுத்தமாகப் போனது.

நான் என்ன செய்தேன்? என்னுடைய பகிடி எடுபடவில்லை என்று நினைத்து, இன்னொன்று சொன்னேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். திருவிழாவுக்கு மூன்று நாள் வேலையே இல்லை; நேற்றுத் தேர் என்று அவளே ஞாபகப்படுத்திவிட்டாள். மூன்று நாளாகத் தூக்காத கூடை எப்படி முதுகை வலிக்கச் செய்யும்? அந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். எனக்கு அதற்கு மேலும் தெரியும் என்றுதான் தோட்டம் சம்பளம் கொடுத்தது.

"எங்கே வலிக்குது?"

"நெஞ்சுக் குழிக்கு வலது பக்கமா, இந்த விலாவுக்குக் கீழங்கய்யா. அப்படியே பின்னால போய்த் தோள்பட்டைக்கு அடியில குத்துது. முந்தாநாளு ராத்திரி கெடா வெட்டுச் சோறு சாப்பிட்டதுல இருந்து. ரெண்டு தடவ வாந்தியும் எடுத்துட்டேன்."

தோள்பட்டை என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காதுக்கு வெளியே நின்றது. காய்ச்சல் கம்பியை வாயில் வைத்தேன், காய்ச்சல் இல்லை. விடியற்காலையில் இரண்டு பனடோல் விழுங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பால் மருந்து அரைப் போத்தல், தடவத் தைலம், வலிக்கு நாலு குளிசை. ஓய்வுத் துண்டு கேட்டாள். கொழுந்து வேண்டாம், இலேசு வேலை என்று எழுதிக் கொடுத்தேன். இலேசு வேலை என்றால் மலைச்சரிவில் குனிந்து புல் வெட்டுவது. குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் இலேசு.

பதிவேட்டில் எழுதினேன்: கூ.வா.

மறுநாளும் வந்தாள். வலி கூடியிருந்தது. குளிசையை மாற்றினேன். எழுதியது அதேதான். அன்று பகிடி சொல்லவில்லை. முதல்நாள் அவள் சிரிக்காததில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அதற்கு அடுத்த நாள் காலை பதினொரு மணிபோல் ராணி வந்தாள். பூமணியின் நாத்தனார், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த அறையில் இருப்பவள். நாக்கில், தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வைத்திருப்பவள்.

"ஐயா, ஒங்க மருந்து வேலை செஞ்சிருச்சுங்க. அண்ணிக்கு வலி கொறஞ்சிருச்சாம்."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?"

"வலியத்தான் கொறைக்கச் சொன்னோம். நீங்க ஆளையே கொறைச்சிட்டீங்க. வந்து பாருங்க."

போனேன். முகத்தில் சிரிப்போடுதான் போனேன். லயத்தின் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டது.

பூமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றியில் குளிர்ந்த வேர்வை, வயிறோ அடுப்பு. நாடி நூற்றிருபதுக்கு மேல் ஓடியது. சர்க்கரை பார்க்கும் கருவி காட்டிய எண்ணை நம்பாமல் இரண்டாம் தடவை குத்தினேன்; அது இன்னும் கூட்டிக் காட்டியது. கேட்டதற்குப் பதில் வந்தது, ஆனால் தாமதமாக, தூரத்திலிருந்து வந்தது.

"வலி இருக்கா பூமணி?"

"அவ்வளவா... இல்லீங்கய்யா."

பல வருஷங்களுக்கு முன் நான் வாசித்துவிட்டு மறந்துபோன ஒரு விஷயம் அப்போது ஞாபகம் வந்தது. பித்தப்பையில் கல் அடைத்து, பை வீங்கிப் புண்ணாகும்போது வலி உயிரை எடுக்கும். ஆனால் பை அழுக ஆரம்பித்துவிட்டால் வலி தெரிவிக்கும் நரம்பும் சேர்ந்து செத்துப்போகலாம். சர்க்கரைக்காரர்களுக்கு அது இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். வலி குறைந்துவிட்டது, ஆள் மோசமாகிவிட்டார் என்றால், அது குணமாவது அல்ல. சண்டை முடிந்த வீட்டின் அமைதிக்கும், ஆள் இல்லாத வீட்டின் அமைதிக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் வயிற்றில் என் கை பட்டது.

"மெதுவா மூச்சை உள்ள இழு."

இழுத்தாள். மூச்சு உள்ளே போனது. ஈரல் கீழே இறங்கி, வீங்கிய பையை என் விரல்மேல் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். பாதியில் கதவு சாத்தியதுபோல் மூச்சு நின்றது. முகம் சுருங்கியது.

அதே முகம். அதே பாதி. முந்தாநாள் காலை என் வாசலில், நாற்பது பேர் முன்னால், என் பகிடிக்கு அவள் கொடுத்தது இதே பதில்தான். வைத்தியர்கள் கை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லித் தேடுகிற அடையாளத்தை, நான் கை வைக்காமலே, கேட்காமலே அவள் காட்டியிருந்தாள். நான் அதை என் நகைச்சுவைக்கு மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறோமே, அதன் எடை எனக்கு அன்று தெரிந்தது.

அம்புலன்ஸுக்குப் பேசினேன். வரக்கூடிய ஒரே வண்டி மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நோயாளியோடு போய்க்கொண்டிருந்தது. குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. வெளிக்கள உத்தியோகத்தருக்குப் போன் போட்டேன், தோட்டத்து லொறிக்காக.

"லொறி மலையில நிக்குது ஐயா. கொழுந்த ஏத்தி ஸ்டோர்ல எறக்கினதும் அனுப்புறேன்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை, மூணு ஆகும்."

"இப்பவே வேணும்."

"கொழுந்து மூட்டைக்குள்ள கெடந்தா சூடேறிரும் ஐயா. துரைக்கு யாரு பதில் சொல்றது?"

"இங்க ஒருத்திக்குச் சூடேறிக் கெடக்கு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"யாரு, பூமணியா? நேத்துத்தானே துண்டுல பாத்தேன். கூ.வா. தானே ஐயா? அதுக்கு எதுக்கு இவ்வளவு பதட்டம்?"

அந்த மனிதரைத் திட்டித் தீர்க்க எனக்கு ஆசையாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கொழுந்து வாடக்கூடாது என்று ஓடுகிற லொறி, கொழுந்து எடுத்தவள் வாடும்போது ஓடாது என்றால், அந்தச் சட்டத்தை எழுதியவன் கையில் கட்டெறும்பு கடிக்கட்டும். ஆனால் அந்த லொறியை நிறுத்தியது அவர் மட்டுமல்ல. என் இரண்டெழுத்தும் சேர்ந்துதான் அதன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து நின்றது. போனை வைத்துவிட்டேன்.

ராணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவரு என்னாங்கய்யா சொல்றாரு?"

"லொறி இல்லையாம்."

"நாளைக்கி அண்ணியப் பொணமா ஏத்துறதுக்கா அந்த லொறிய வெச்சிருக்காங்க?"

சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவருக்குப் பேசினேன். கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றும் வேன் அவரிடம் இருந்தது. அவர் என்னை நோய் என்னவென்று கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை.

"வேன்ல கோவா ஈக்கி டொக்டர். எறக்கிட்டு வாரன். பத்து நிமிஷம்."

"கோவா வெயில்ல கெடக்குமே நானா?"

"கெடக்கட்டும். கோவா நாளைக்கும் கோவாதான்."

அந்தப் பத்து நிமிஷத்தில் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. நரம்பில் ஊசி ஏற்றி சேலைன் ஓடவிட்டேன். பக்கத்து அறைப் பெண் ஒருத்தி சீனி போட்ட தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். வாய்க்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது என்று தடுத்தேன். கத்தி வைக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். "வெறும் வயித்தோடயா அனுப்புறீங்க?" என்று அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். இந்த மாதிரி நேரத்தில் இரக்கம் ஒரு கோப்பையில் வரும். அதை வாங்கிக் கீழே வைக்கப் பழகுங்கள்.

பிறகு டிஸ்பென்சரிக்கு ஓடினேன், கடிதம் எழுத.

முதலில் எழுதியது இது: 'நேற்று முதல் வயிற்றின் வலப்பக்க மேற்பகுதியில் வலி.' நேற்று முதல். பேனா தானாகவே எழுதியது. நேற்று என்று எழுதினால் என்மேல் குற்றமில்லை. உடனே அனுப்பிய கெட்டிக்காரன் ஆகிவிடுவேன். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது. துரை மாலை போடுவார், தேநீர் விருந்து நடக்கும், நான் ஒரு பகிடி சொல்லி விடைபெறுவேன். எல்லாம் அந்த ஒரு சொல்லில் பத்திரமாக இருந்தது.

பழைய பதிவேட்டை அப்போது ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. சர்க்கரைக் குளிசையின் அளவைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். பூமணியின் பெயருக்கு நேரே, தீபாவளிக்கு மறுநாள்: கூ.வா. தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் நாள்: கூ.வா. இப்போது கெடா வெட்டுக்குப் பிறகு: கூ.வா., கூ.வா. எண்ணெயும் கொழுப்பும் சாப்பிட்ட ஒவ்வொரு விருந்துக்குப் பின்னும் அவள் பித்தப்பை என் வாசலுக்கு வந்து தட்டியிருக்கிறது. விருந்து நாட்களில் கொழுந்தும் இல்லை, கூடையும் இல்லை. என் கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது. அதை வாசிக்காதவனும் நானே.

கடிதத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். சர்க்கரைக்காரி, முன்பு இரண்டு தடவை விருந்துக்குப் பின் இதே வலி, இந்தத் தடவை ஐந்தாம் நாள், வாந்தி, பனடோலால் காய்ச்சல் மறைந்திருக்கலாம், இன்று வலி குறைந்து நிலைமை மோசம், கை வைத்தால் மூச்சு பாதியில் நிற்கிறது. கடைசியில் ஒரு வரி: 'இரண்டு நாட்களும் நானே முதுகுவலி என்று திருப்பி அனுப்பினேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.' கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக விழுந்தது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

வேன் வந்தது. கோவா இலைகளின்மேல் கம்பளியை விரித்துப் பூமணியைக் கிடத்தினோம். ராணி தலைமாட்டில், நான் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில். பசறையிலிருந்து பதுளைக்கு அந்த வளைவுகள் உங்களுக்குத் தெரியும். ஐந்தாவது வளைவில் எனக்குத் தலை சுற்றியது. எட்டாவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். போத்தலை மட்டும் இறக்கவில்லை. என் பெருமைக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

ராணி பார்த்தாள். "என்னங்கய்யா, ஒங்களுக்கும் கூடை வாதமா?" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. நானா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கடிதத்தை வாங்கிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. என் மகளைவிட இளையவர். நின்றபடியே வாசித்தார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார் என்று அவர் கண் சொன்னது. பிறகு பூமணியின் விலாவுக்குக் கீழே கை வைத்தார், ஸ்கேன் கருவியைக் கொண்டுவரச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார், இரண்டு விதமான கிருமிக்கொல்லி மருந்தை நரம்பில் போடச் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில். பையின் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கட்டி, ஒரு பக்கம் கிழியத் தொடங்கியிருந்தது. அன்று பின்னேரமே வயிற்றைத் திறப்பதென்று முடிவானது.

போகிற வழியில் என் முன்னால் நின்றார். எண்ணி எண்ணி எடுத்த தமிழில் கேட்டார்.

"இந்த அம்மா உங்ககிட்ட எத்தனை தரம் வந்தாங்க?"

"நாலு தரம், மேடம்."

"நாலு தரமும் கை வெச்சுப் பாக்க இல்லையா?"

"இல்லை."

"உங்களுக்குக் கை இருக்குதானே?"

கேட்டுவிட்டு சத்திரசிகிச்சை அறைக்குப் போய்விட்டார். அன்று முதல் அவர்தான் என் குருநாதர், மொத்த உபதேசமும் அவ்வளவுதான். அதை வாங்க எனக்கு ஐம்பத்தொன்பது வயது ஆகவேண்டியிருந்தது.

பை கறுத்து, ஓரிடத்தில் ஓட்டையாகி, சீழ் வெளியே கசிந்திருந்தது. பூமணி ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். முதல் இரண்டு நாள் யாரும் எனக்கு எந்த உறுதியும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து அவள் கணவர் வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு சொன்னாங்கய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தக் கையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய் வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்தார். ஒரு மனிதர் செய்யக்கூடிய மிகவும் மரியாதையான காரியம் அது.

மூன்றாம் நாள் அந்த நிபுணர் என்னிடம் ஒன்று சொன்னார். வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று பயந்து நோயாளியைத் துடிக்கவிட வேண்டாம். நோயை மறைப்பது ஊசி அல்ல, பொய்க் கடிதம்தான். நேற்று முதல் என்று எழுதியிருந்தால் மருந்து போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்றுகூட நினைத்திருப்பேன் என்றார். நான் கிழித்த முதல் கடிதம் அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது.

நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் பை இவ்வளவு கெட்டிருக்காது, சத்திரசிகிச்சையும் சுலபமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த நாட்கள் பூமணியுடையவை. அவள் அவற்றைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள். நான் அவற்றைப் புல் வெட்ட அனுப்பினேன்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பெரட்டு கலைந்த நேரம், வரிசையில் பூமணி நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். வரிசையில் தன் முறை வரும்வரை நின்றாள். முன்னால் வா என்றதற்கு வரவில்லை. முறை வந்ததும் முந்தானையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே கறுப்பும் பச்சையுமாக ஏழெட்டுக் கற்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"நிறுத்துப் பாருங்கய்யா," என்றாள்.

"என்ன பூமணி?"

"அன்னைக்கி எத்தனை கிலோன்னு கேட்டீங்கள்ல. நிறுத்துப் பாருங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூமணி சிரிக்கவில்லை. நகரவும் இல்லை. என்னிடம் இருந்தது குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்றுதான். கற்களை ஒரு காகிதத்தில் கொட்டி அதன்மேல் வைத்தேன். முள் அசையவில்லை.

"என்னங்கய்யா காட்டுது?"

"ஒண்ணும் காட்டல."

"சரி," என்றாள். "நான் தூக்குனது அவ்வளவுதான்னு எழுதிக்குங்க."

பதிவேட்டைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே இருந்த நாலு கூ.வா.வையும் அவள் முன்னாலேயே அடித்தேன். அடித்த இடத்தில் பித்தப்பை அழற்சி என்று நாலு தடவை முழுசாக எழுதினேன். சோம்பல் வரவில்லை. எழுதி முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, கற்களைப் போத்தலில் போட்டு முடிந்துகொண்டு அவள் போனாள். அதன்பின் என்னிடம் மருந்துக்கு வந்தாள், பேசினாள், ஆனால் பழையபடி வாய்க்கு வாய் பேசவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

என் பதிவேட்டில் நான் அடித்துவிட்டேன். உங்கள் பதிவேடுகளில் அது உயிரோடு இருக்கிறது என்று போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. எல்லா முதுகுவலியும் பித்தப்பை அல்ல. பெரும்பாலானவை சுமையால் வந்த வலிதான், எனக்கும் தெரியும். ஆனால் கை வைத்துப் பார்த்த பிறகு சொல்லுங்கள். சுமை தூக்குகிறவளுக்கு விலாவுக்குள் ஒரு பித்தப்பையும் உண்டு.

தம்பி, நீங்கள் மூன்று பேர் என்று போட்டிருந்தீர்கள். அந்த மூன்று பேரையும் நாளைக் காலை பெரட்டிலேயே கூப்பிட்டு, உள்ளே படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்ட பிறகு வந்தது, எத்தனை நாளாக, என்ன குளிசை விழுங்கினார்கள் என்று கேளுங்கள். பத்து மணிக்குள் குழுவில் எழுதுங்கள், மூன்று மூச்சும் எங்கே நின்றன என்று. மஞ்சள் முகம் வேண்டாம். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.